பழைய பர்மா கத்தி கையில கிடைச்சா முதல்ல என்ன பண்ணணும், எதைத் தொடவே கூடாது

நான் முதன்முதலா வாங்குன பர்மா கத்தியை, வாங்கிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே நானே பாழ் பண்ணிட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய பித்தளை சாமான்களுக்கு நடுவுல கிடந்துச்சு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், பிடி பூரா கறுத்துப்போய் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து புளியும் விளக்கு தேய்க்கிற பவுடரும் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சேன், வெள்ளி பளபளன்னு வந்துச்சு, அம்மாகூட நல்லாருக்குன்னாங்க. மறுநாள் காலைல ஜன்னல் வெளிச்சத்துல லென்ஸ் வெச்சுப் பாக்குறேன், பிடில டான்ஸ் ஆடுற மாதிரி இருந்த சின்ன உருவத்துக்கு மூஞ்சியே இல்ல. கண்ணு, உதடு, இடுப்புத்துணி மடிப்பு எல்லாம் அந்த கறுப்பு உள்ள நின்னதாலதான் தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. கறுப்பு போச்சு, கூடவே வெள்ளியும் தேஞ்சு போச்சு. தண்ணி பிடிக்கும் அலகுக்கும் நடுவுல இறங்கி, பதினஞ்சு நாள்ல அங்க செம்பழுப்பா ஒரு துரு கோடு விழுந்துச்சு.

அதனால புதுசா சேகரிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ற முதல் வேலை, ஒரு மாசம் எதுவும் பண்ணாதீங்க. பாருங்க, போட்டோ எடுங்க, அளந்து எழுதுங்க, அவ்வளவுதான். இந்தக் கத்திகளோட வயசு, ஊரு, யார் கையில எப்படி புழங்குச்சு எல்லாமே மேல்தோல்லதான் இருக்கு, தேய்ச்சுட்டா எந்த ஆசாரியாலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

முதல்ல பேரு. பர்மிய மொழியில கத்தி, வாள் ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், தா. வெட்டுற வேலைக்கு வெச்சிருக்குற பெரிய கத்தி தாமா, தோள்ல கயிறு போட்டு தொங்கவிடுற வாள் தாலுவே, நாம பேசுற குத்துக்கத்தி தாஹ்மியாங். இணையத்துல விக்கிறவங்க எல்லாத்தையும் வெறுமனே 'தா' அப்படின்னு போடுவாங்க, சில பேரு தாய்லாந்து வாளையும் அதே பேர்ல போடுவாங்க, அதனால பேரை நம்பி வாங்காதீங்க, உருவத்தைப் பாருங்க.

உருவத்துல முதல்ல பாக்க வேண்டியது, பிடிக்கும் அலகுக்கும் நடுவுல கைகாப்பு இருக்கான்னு. பர்மா கத்தில பொதுவா அது இருக்காது, பிடி நேரா அலகுக்குள்ள போற மாதிரி இருக்கும். பிடி வெட்டுவாக்குல பாத்தா உருண்டை, கொஞ்சம் நீளம், மொத்த நீளத்துல மூணுல ஒரு பங்கு கூட வரும். பிடியோட கடைசில பல கத்திகள்ல தாமரை மொட்டு மாதிரி ஒரு குமிழ் இருக்கும். அலகு ஒரு பக்கம்தான் கூர், முதுகுப்பக்கம் தடிப்பு, நேராவோ லேசா மேல வளைஞ்சோ இருக்கும். உறை பெரும்பாலும் ரெண்டு மரத்துண்டைக் குடைஞ்சு ஒண்ணுசேத்து, பிரம்பாலயோ வெள்ளி, பித்தளை வளையத்தாலயோ கட்டுனது. இந்த நாலும் சேந்து இருந்தா நீங்க சரியான இடத்துல நிக்கிறீங்க.

நம்ம பக்கத்துல இதோட குழப்பிக்கிற ரெண்டு கத்தி இருக்கு. ஒண்ணு குடகு பீச்சாங்கத்தி, அது குட்டையா அகலமா இருக்கும், பிடி முனை கிளி மூக்கு மாதிரி வளையும், உறையில சங்கிலி போட்டு சின்னச் சின்ன சாமான் தொங்கும். இன்னொண்ணு இலங்கை பிஹாகெட்ட, அதுல அலகோட அடிப்பக்கத்துலயே பித்தளை, வெள்ளி வேலைப்பாடு ஏறியிருக்கும். மலாய்க்காரங்களோட கிரிஸ் கத்தியை யாரும் குழப்ப வேண்டியதில்ல, அலகோட அடி ஒரு பக்கமா அகண்டு பிடி கோணலா நிக்கும், பாத்ததுமே தெரியும். பர்மாக்குள்ளயே வேற வேற மக்கள் வேற வேற மாதிரி செஞ்சாங்க. காச்சின் மக்களோட தா நுனி பக்கம் அகண்டு சதுரமா முடியும், உறை ஒரு பக்கம் திறந்தே இருக்கும், அது வேலைக்கும் சண்டைக்கும் பொதுவான கத்தி. ஷான் பகுதியில வெள்ளித் தகடு, முறுக்கு வெள்ளிக் கம்பி வேலை அதிகம்.

இனிமே அவசரப்படாம பாக்க வேண்டிய இடம், பிடியும் அலகும் சேருற இடம். இதை ஒருத்தர் எனக்கு முதல்லயே சொல்லியிருந்தா என் கத்தி தப்பிச்சிருக்கும். பர்மா கத்தில அலகோட வால், அதாவது பிடிக்குள்ள போற பகுதி, குட்டை, பிடி முழுக்க ஓடாது, ஆணி அடிச்சும் நிறுத்தியிருக்க மாட்டாங்க. பிடிக்குள்ள உருக்குன அரக்கை ஊத்தி அதுல வாலைச் சொருகியிருப்பாங்க. நூறு வருஷமா அந்தக் கத்தியைப் பிடிச்சு வெச்சிருக்குறது அந்த அரக்கு மட்டும்தான். அரக்கு சூட்டுல இளகும், ஸ்பிரிட்ல கரையும், மர பாலிஷ் போடுற ஆசாரிகிட்ட கேட்டா அவரே சொல்வாரு, அரக்கை ஸ்பிரிட்ல ஊறவெச்சுதான் அவரு பாலிஷ் கலக்குறாரு. ஆக சானிடைசர், ஸ்பிரிட், சுடுதண்ணி, ஹேர் டிரையர், வெயில்ல நிறுத்துன காரோட டாஷ்போர்டு, இது எதுவும் பிடி பக்கத்துல வரக்கூடாது. பிடி ஆடுதுன்னு எம்சீலோ ஃபெவிக்விக்கோ விட்டு ஒட்டுனீங்கன்னா பின்னாடி சரியா பண்ண நினைக்கிறவங்களுக்கு வழியே இல்லாம போயிடும், ஆடுற பிடியை ஆடாம பஞ்சு வெச்சு படுக்கப்போட்டு வையுங்க, அது போதும். இன்னொரு பக்கம் பாத்தா இதே அரக்கு உங்களுக்கு சாட்சியும்கூட. டார்ச் அடிச்சு அந்த மூட்டைப் பாருங்க, கரும்பழுப்பா, கண்ணாடி மாதிரி உடைஞ்ச ஓரத்தோட, தூசி படிஞ்சு இருந்தா நல்லது. வெள்ளையாவோ மஞ்சளாவோ ரப்பர் மாதிரி பசை தெரிஞ்சா யாரோ சமீபத்துல கைவெச்சிருக்காங்க, அது வேற கத்தியோட அலகாகூட இருக்கலாம்.

உறையில இருந்து உருவுறதுக்கும் ஒரு முறை இருக்கு, இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. உறை ரெண்டு துண்டு மரம், ஒட்டு விட்டிருக்கும், உள்ள இருக்குற கூர் பல வருஷமா அந்த ஒட்டு வழியா மரத்தை அறுத்திருக்கும். நீங்க உறையை முழுக் கையால இறுக்கிப் பிடிச்சு உருவுனா கூர் பிளவு வழியா வெளிய வந்து விரலை வெட்டும். மேஜைல துண்டு விரிச்சு, கூர் பக்கம் மேல வர்ற மாதிரி வெச்சு, உறையோட ரெண்டு தட்டைப் பக்கத்தை மட்டும் விரல் நுனியால பிடிங்க, இன்னொரு கையால பிடியை, அதுவும் அலகுக்குப் பக்கத்துல இருக்குற பட்டையோட சேத்துப் பிடிச்சு நேரா, முறுக்காம, அலகோட முதுகு உறையில உரசுற மாதிரி மெதுவா இழுங்க. வரலைன்னா விட்டுடுங்க. காத்து காய்ஞ்ச மாசத்துல மறுபடி பாருங்க, ஈரத்துல ஊதுன மரம் அப்ப வழிவிடும். எண்ணெய் விட்டு இழுக்குறது, உறையைத் தட்டுறது வேண்டாம், தட்டுனா முதல்ல உடையிறது அரக்குதான்.

வெளிய எடுத்ததும் அலகை லென்ஸ்ல பாருங்க, பத்து மடங்கு காட்டுற நகைக்கடை லென்ஸ் போதும். கையால அடிச்ச அலகு ரொம்ப சமமா இருக்காது, முதுகோட தடிப்பு பிடி பக்கம் அதிகமா இருந்து நுனிக்குப் போகப்போக குறையும், வெர்னியர் வெச்சு மூணு இடத்துல அளந்தா புரியும். நுனி வரைக்கும் ஒரே தடிப்பா இருந்தா தகட்டுல இருந்து வெட்டுனதா இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்குவாக்குல இணையிணையா கிரைண்டர் கோடு, எவர்சில்வர் பளபளப்பு, இதெல்லாம் டூரிஸ்டுக்கு செஞ்ச சாமான். பல தடவை தீட்டித் தீட்டி நடுவுல ஒடுங்குன அலகு நல்ல அடையாளம், அப்படி இருந்தா உறைக்குள்ள கொஞ்சம் லொடலொடன்னு ஆடும், ஆனா நீளம் சரியா இருக்கும். நீளமே பொருந்தலைன்னா உறை வேற கத்தியோடது.

சில அலகுகள்ல கறுப்புத் தரையில வெள்ளிக் கம்பி பதிச்ச வேலை இருக்கும், கொடி, உருவம், சில சமயம் ஒரு கதையே வரிசையா, கூட பர்மிய எழுத்து. இரும்பு மேல குறுக்கும் நெடுக்குமா பொடிக்கோடு கீறி சொரசொரப்பாக்கி, அதுமேல வெள்ளியை வெச்சு தட்டி உக்கார வைக்கிற வேலை அது, ஒட்டு எதுவும் கிடையாது. பிடிமானம் அவ்வளவுதான்ங்கிறதால அதுக்கு கீழ துரு ஊறுனா வெள்ளி தூக்கிக்கிட்டு உதிரும். வெள்ளி உதிர்ந்த இடத்துல லென்ஸ் வெச்சுப் பாருங்க, வலை மாதிரி பொடிக்கோடு தெரியும், அது தெரிஞ்சா உண்மையான வேலை. பெயிண்ட்லயோ ஆசிட்லயோ அரிச்சு பண்ணதுல அந்த வலை இருக்காது.

வருஷம் எழுதியிருந்தா உங்களுக்கு யோகம். பர்மிய எண்கள்ல சைபர் முழு வட்டம், ஒண்ணு ஒரு பக்கம் திறந்த வட்டம், அதனால ரெண்டையும் மாத்திப் படிக்காதீங்க. பர்மிய வருஷத்தோட 638 கூட்டுனா இங்கிலீஷ் வருஷம் வரும், அவங்க புத்தாண்டு நம்ம சித்திரை ஒட்டி ஏப்ரல் நடுவுல வர்றதால, ஜனவரில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் உள்ள தேதின்னா 639 கூட்டணும். 1245ன்னு இருந்தா 1883 பக்கம், அதாவது பர்மாவோட கடைசி மன்னர் திபோ தலைநகர் மாண்டலேல இருந்த காலம். 1885 கடைசில மூணாவது ஆங்கில பர்மியப் போர் முடிஞ்சு அவரை ரத்னகிரிக்கு நாடுகடத்திட்டாங்க. அதுக்கு அப்புறம் வெள்ளைக்கார அதிகாரிங்களும் சிப்பாய்களும் ஞாபகார்த்தமா வாங்கிட்டுப் போறதுக்குன்னே நிறைய கத்தி செஞ்சாங்க, இன்னிக்கு சந்தையில வர்ற அலங்காரக் கத்தில கணிசமானது அந்த வகை. அது போலி இல்ல, அதுவும் நூறு வருஷம் தாண்டுன நல்ல கைவேலைதான், ஆனா போர்ல சண்டை போட்ட கத்தின்னு விலை சொன்னா குடுக்காதீங்க. மாண்டலே அரண்மனைல இருந்து வந்ததுன்னு சொல்றதை எழுத்து ஆதாரம் இல்லாம ஒத்துக்கவே கூடாது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருந்த அந்த அரண்மனை அரச சின்னங்களை 1964ல பர்மாக்கே திருப்பிக் குடுத்தாங்க, அரண்மனைச் சாமான்னா அதுக்குன்னு ஒரு வரலாறும் காகிதமும் இருக்கும்.

நம்ம ஊருல விக்கிறவங்க சொல்ற இன்னொரு கதை, ரங்கூன்ல கடை வெச்சிருந்த செட்டியார் வீட்டுப் பொருள். அது உண்மையா இருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு, பர்மால வட்டித்தொழில் பண்ண நகரத்தார் வீடுகளுக்கு தேக்கு வந்த மாதிரி இதுவும் வந்திருக்கும். ஆனா 1942ல ஜப்பான் படை வந்தப்ப மலை வழியா நடந்து வந்தவங்களும், 1962க்கு அப்புறம் நே வின்னோட ராணுவ ஆட்சியில கிளம்பி வந்தவங்களும் சொத்தையும் நகையையும் விட்டுட்டு வந்தவங்க, அந்த நிலைமைல அலங்காரக் கத்தி ஒண்ணைப் பத்திரமா கொண்டுவந்தாங்கன்னு சொன்னா எந்த வருஷம், யார் கொண்டுவந்தது, எந்த ஊருன்னு மரியாதையா கேளுங்க. பதில் கிடைச்சா தேதி போட்டு எழுதி வையுங்க, அந்த ஒரு சீட்டு கத்தியோட விலையைவிட பெருசு.

பிடி என்ன பொருள்னு பாக்குறது அடுத்து. வெள்ளித் தகடா ஜெர்மன் சில்வரான்னு சந்தேகம் வந்தா ஓரங்கள்லயும் மூட்டுலயும் பச்சை களிம்பு இருக்கான்னு பாருங்க, ஜெர்மன் சில்வர்ல வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், பச்சை விடும். மட்டமான வெள்ளிலயும் செம்பு கலப்பு இருக்கும்ங்கிறதால பச்சை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. கை அதிகமா படுற மேடுகள் மழமழன்னு தேஞ்சு, பள்ளம் மட்டும் கறுத்து இருக்குறதுதான் இயல்பு, எல்லா இடமும் ஒரே கறுப்பா இருந்தா மருந்து போட்டு கறுக்க வெச்சதா இருக்கலாம். உரைகல், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

வெள்ளையா செதுக்குன பிடின்னா நிதானமா இருங்க. பர்மாவுல தந்தத்தை கொடி கொடியா குடைஞ்சு, அந்தக் கொடிக்கு உள்ள தனியா ஒரு உருவம் நிக்கிற மாதிரி செதுக்குவாங்க, பாத்தா பிரமிப்பா இருக்கும். அடிப்பக்கத்து வெட்டுல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிற வளைகோடுகள் தெரிஞ்சா தந்தம், பொடிப்பொடி கறுப்புப் புள்ளியும் கீறலும் தெரிஞ்சா எலும்பு. சூடு ஊசி வெச்சுப் பாக்குறதை நிறைய பேர் சொல்வாங்க, பண்ணாதீங்க, ஆறாத தழும்பு அது. தந்தம்னு தெரிஞ்சா இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வாங்கவோ விக்கவோ முடியாது, எவ்வளவு பழசா இருந்தாலும். வீட்டுல பரம்பரையா இருந்தா உரிமைச் சான்று இருக்கான்னு வனத்துறைல கேக்கணும்.

சட்டத்துல இன்னும் மூணு விஷயம் வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். 2016 ஆயுத விதிகள்ல குத்துக்கத்தி ஆயுதப் பட்டியல்ல வருது, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள அலகும் வருது, உங்க பகுதியில உரிமம் தேவையான்னு காவல் நிலையத்துல கேட்டு வெச்சுக்குங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டுன பொருளை நீங்களா இந்தியாவை விட்டு வெளிய அனுப்ப முடியாது. மியான்மர்லயும் 2015 சட்டம் அதே மாதிரி, அதனால அங்க சந்தையில பழசுன்னு சொல்லி வாங்குனா ஏர்போர்ட்ல பிடிபடுறது நீங்கதான்.

சரி, ஒரு மாசம் பாத்தாச்சு, இனி கைவைக்கலாம். நைட்ரைல் கையுறை, மிருதுவான பெயிண்ட் பிரஷ், கஞ்சி போடாத பழைய வேட்டித் துணி, தையல் மெஷின் எண்ணெய், மூங்கில் குச்சி, இவ்வளவுதான் சாமான். வெறுங்கையோட வியர்வை உப்பு ஒரே ராத்திரில அலகுல ரேகையைப் பதிச்சுடும், அதனால கையுறை கட்டாயம்.

பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. துருவைப் பாத்தா ரெண்டு வகை இருக்கும். செங்கல் பொடி மாதிரி, துணில தொட்டா ஒட்டிக்கிட்டு வர்றது உயிரோட இருக்குற துரு, அதை நிறுத்தணும். கரும்பழுப்பா, நகத்தால தொட்டா மழமழன்னு ஒட்டாம இருக்குறது பழைய தோல், அதை விடணும். செந்துரு மேல மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் வெச்சு ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் மூங்கில் குச்சியைச் சாய்ச்சு வெச்சு சுரண்டுங்க, துணியால ஒத்தி எடுங்க, மறுபடி எண்ணெய். ஒரு விரலகலத்துக்கு நாலு சாயங்காலம் ஆகும், ஆகட்டும். எண்ணெய் பிடிக்குள்ள இறங்காத மாதிரி நுனியைக் கொஞ்சம் தாழ்த்தி வெச்சுக்குங்க. வெள்ளி பதிச்ச இடத்துல குச்சிகூட வேண்டாம், எண்ணெய் தொட்ட துணியால ஒத்துறதோட நிறுத்துங்க. உப்புத்தாள், பஃப் மெஷின், துரு எடுக்குற ஆசிட் எதுவும் கிட்ட வரக்கூடாது. தேங்காண்ணெய், நல்லெண்ணெய்யும் கூடாது, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி தூசியையும் ஈரத்தையும் பிடிச்சு வெச்சுக்கும்.

கடைசில எண்ணெய்யைச் சுத்தமா துடைச்சுட்டு அலகுக்கு மெழுகு. பிரிட்டிஷ் மியூசியம் ஆய்வுக்கூடத்துல உருவான ரெனைசன்ஸ் வாக்ஸ் உலகம் பூரா மியூசியங்கள்ல போடுறாங்க, சின்ன டப்பா பல வருஷம் வரும். கடுகளவு எடுத்து துணில தடவி மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழிச்சு வேற துணியால லேசா தேய்ங்க. வெள்ளிப் பிடியை உலர்ந்த துணியால துடைக்கிறதோட விட்டுடுங்க. இதுக்கு மேல வேலை இருந்தா, பிடி கழண்டாலோ, உறை உளுத்துப் பொடி கொட்டுனாலோ, தெரிஞ்சவங்ககிட்ட போறதுதான் சரி. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல 1930ல ஆரம்பிச்ச ரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கு, கத்தியோட போட்டோவை எடுத்துக்கிட்டு போய் முதல்ல யோசனை கேளுங்க.

வைக்கிற இடம்தான் மீதி ஆயுசை முடிவு பண்ணும். நம்ம ஊரு கடற்கரை காத்துல ஈரம் 65 சதவீதம் தாண்டுச்சுன்னா துரு வேகமா ஓடும், ரொம்ப காய வெச்சாலும் மரமும் பிரம்பும் வெடிக்கும், 45ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் இருந்தா எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். மூடி இறுக்கமான சாப்பாட்டு பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், கூட சின்ன ஈரமானி. அலகை உறைக்குள்ள போட்டு வைக்காதீங்க, மரம் இழுத்து வெச்ச ஈரம் அலகு மேலதான் உக்காரும், பக்கத்துல பக்கத்துல தனித்தனியா படுக்கப்போடுங்க. செய்தித்தாள்ல சுத்தாதீங்க, அமிலம் இருக்கும். உறை பிரியுதுன்னு ரப்பர் பேண்டு போடாதீங்க, ரப்பர்ல இருக்குற கந்தகம் வெள்ளில கறுப்புக் கோடு போட்டுடும், வெள்ளை காட்டன் நாடா கட்டுங்க.

ஆயுத பூஜைக்கு எடுத்து வைக்கிற வீடுகள் நிறைய இருக்கும், எங்க வீட்டுலயும் வைப்போம். சந்தனத்துல ஈரம் இருக்கு, அதைப் பொட்டா அலகுல வெச்சா மறுநாளைக்கே அந்த வட்டம் துருவா நிக்கும், பூவோட தண்ணியும் அப்படித்தான். இப்ப நாங்க கத்தியை ஒரு பட்டுத்துணி மேல வெச்சு, சந்தனம் குங்குமத்தைப் பலகைல வெச்சுடுறோம், பூவை ஒரு ஜாண் தள்ளி வெக்கிறோம், பூஜை முடிஞ்சதும் கையுறை போட்டு துடைச்சு டப்பால வெச்சுட்டு, அன்னிக்கே மெழுகு எப்படி இருக்கு, புது துரு உண்டா, ஈரமானி எவ்வளவு காட்டுதுன்னு நோட்டுல தேதி போட்டு எழுதிடுவேன், அடுத்த சோதனை மார்கழி பிறந்ததும்.